போதும்பொண்ணு

கேள்வி: வீட்டில் நான் நான்காவது பெண். ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வங்கியில் என் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போகவே கூசுகிறது. இந்த வயதில் மாற்றினால் அம்மா மனம் நோகுமோ?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: தாராளமாக மாற்றுங்கள், சகோதரி. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று சாமியிடம் வைத்த வேண்டுதலை நீங்கள் ஏன் ஆயுள் முழுக்கச் சுமக்கவேண்டும்? மகாராஷ்டிரத்திலும் இந்தக் கொடுமை உண்டு. அங்கே ‘நகுசா’, அதாவது வேண்டாதவள். 2011-ல் சத்தாரா மாவட்டத்தில் விழா எடுத்து, அப்படிப் பெயர் பெற்ற 280-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். சினிமா நட்சத்திரங்களின் பெயர்களைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிள்ளைகளும் அதில் உண்டு. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

பெயர் மாற்றம் நமக்கும் புதிதில்லை. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அவர்களுக்குக் காரணம் மொழிப்பற்று. உங்கள் காரணம் அதற்குக் குறைந்ததல்ல.

அம்மாவையே புதுப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அன்று பெயர் வைத்தபோது பெற்றவளை யாராவது கேட்டிருப்பார்களா என்ன?

பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ் நகல்களோடு எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவார்கள். அதைக் காட்டி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம். அரசிதழ்ப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பழைய சான்றிதழ்களைக் காட்டும் இடத்திலெல்லாம் கேட்பார்கள்.