ஐப்பசி மழையும் கூண்டுச் சிட்டுகளும்

புதிதாக ஃபிஞ்ச் வளர்ப்போருக்கு, ஐப்பசி முதல் மார்கழி வரை

வடகிழக்குப் பருவமழை இறங்கத் தொடங்கியிருக்கும் இந்நாளில், கோடையிலோ ஆடியிலோ கடையிலிருந்து ஒரு ஜோடி ஃபிஞ்ச் சிட்டுகளை வாங்கிவந்து, பால்கனியில் கூண்டைத் தொங்கவிட்டு, அவற்றின் கீச்சுக்குரலைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருக்கும் புது வளர்ப்பாளர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அவை எந்தத் தேசத்துச் சீதோஷ்ணத்துக்குப் பிறந்த பிராணிகள் என்பதேயாகும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது ஜீப்ரா ஃபிஞ்ச். நான்கு அங்குல நீளமும் ஏறக்குறைய 12 கிராம் எடையுமுள்ள இச்சிட்டின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பிரதேசம். மழை எந்த மாதத்தில் வரும் என்று நிச்சயமில்லாத அப்பூமியில், வந்த மழைக்குப் புல் முளைத்து விதை பெருகும் ஆகையால், மழையின் அறிகுறி கண்டவுடன் கூடுகட்ட முற்படுவது அதன் சுபாவமாகிவிட்டது. நம் கரையோர ஊர்களிலோ, ஆண்டு மழையில் பாதிக்குமேல் பெய்துதீர்க்கும் இந்த மூன்று மாதங்களும் ஈரமும் பூஞ்சணமும் கொசுவும் பெருகும் காலம். குஞ்சு பொரித்து வளர்ப்பதற்கு இதைவிட மோசமான பருவம் இராது. பறவை இதை அறியாது. அறிந்து நடக்க வேண்டியவர் வளர்ப்பவர்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டிய முதற்காரியம், கூண்டினுள் கட்டியிருக்கும் மண்கலயத்தையோ பிரம்புக் கூட்டையோ கழற்றி, கழுவிக் காயவைத்து, பரணில் போட்டுவிடுவது. உறங்க இடமில்லாமல் போகுமே என்று பரிதாபப்பட வேண்டாம். உட்காரும் குச்சியே அவற்றுக்குப் படுக்கை. குளிர்ந்த உடம்போடும் சுண்ணாம்புச் சத்துக் குறைவோடும் முட்டையிட முற்படும் பேடைக்கு முட்டை வழியில் சிக்கிக்கொள்வதுண்டு. காலையில் கூண்டின் அடித்தட்டில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வால் தாழ, முக்கியபடி ஒரு பேடை உட்கார்ந்திருந்தால் அந்த உபத்திரவமே என்று கொண்டு, உடனே உஷ்ணம் கொடுத்து வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மாலைவரை பார்ப்போம் என்பது பறவையை இழப்பதற்கு வழி. ஏற்கெனவே முட்டை இட்டுவிட்டதானால் அதை எடுத்தெறிவதில் பயனில்லை. பேடை மறுபடியும் இட்டு இன்னும் மெலியும். முட்டைகளைக் கொதிக்கவைத்து, ஆறியபின் கலயத்திலேயே திரும்ப வைத்துவிட்டால், சில நாள் அடைகாத்துச் சலித்துத் தானே விட்டுவிடும். அதன்பின் கலயத்தை எடுக்கலாம். குஞ்சே பொரித்திருந்தால் கலைக்கலாகாது. அவித்த கோழிமுட்டையை ஓட்டோடு மசித்துத் தினம் காலையில் ஒரு சிறு கரண்டியளவு வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை அப்புறப்படுத்தி, குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறும் மூன்று வாரம்வரை அவ்விதமே நடத்த வேண்டும். கணவாய் ஓடு ஒன்று எல்லாக் காலத்திலும் கூண்டுக் கம்பியில் செருகியிருப்பது அவசியம்.

அடுத்தது ஆகாரம், இக்காலத்து அபாயங்களில் பெரியது இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இவற்றுக்கு ஏற்ற தானியம் உமியோடு கூடிய தினை, சாமை, பனிவரகு ஆகியவை. மளிகைக்கடையில் சமையலுக்கென்று விற்கும் உமி நீக்கிய தினையரிசி அவ்வளவு உசிதமன்று. மழைநாளில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானியம் உறிஞ்சிக்கொள்ள, மூட்டையின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சணம் படர்ந்து, அது சுரக்கும் நஞ்சு சிட்டின் ஈரலைக் கெடுத்துவிடுகிறது. நன்றாயிருந்த பறவை காரணமில்லாமல் செத்துப்போயிற்று என்று மழைக்காலத்தில் சொல்லப்படும் மரணங்களில் ஒரு பகுதி இதனால் நேர்வதே. எனவே இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட தானியம் வாங்காதீர்கள். வாங்கியதை வெயில் தலைகாட்டும் நாளில் முறத்தில் பரப்பி உலர்த்தி, சூடு ஆறியபின் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். கையில் அள்ளி முகரும்போது மக்கல் வாடை வீசினாலோ, மணிகள் கட்டிபட்டிருந்தாலோ, சலித்துப் போடலாம் என்று லோபம் பாராமல் குப்பையில் கொட்டிவிடுங்கள். புதிதாக வாங்கியது உயிருள்ள தானியமா என்ற சந்தேகம் எழுந்தால், உலர்த்துவதற்கு முன்பே ஒரு சிட்டிகை எடுத்து ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். நல்ல தினை இரண்டு மூன்று நாளில் முளை காட்டும். அம்முளையையே நன்றாக அலசிக் கொடுத்தால் சிட்டுகள் ஆவலோடு தின்னும்.

புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது தீனிக்கிண்ணம். ஃபிஞ்ச் ஒவ்வொரு மணியையும் அலகில் உருட்டி, உமியை உரித்துக் கிண்ணத்திலேயே உதிர்த்துவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்குவதால், மாலையில் பார்க்கும்போது கிண்ணம் காலையில் இருந்தபடியே நிறைந்து தோன்றும். மெல்ல ஊதிப் பார்த்தால் மேலேயிருந்த உமி பறந்துபோய் அடியில் நாலைந்து மணிகூட இராது. ஒரு நாள் முழுப்பட்டினியைத் தாங்கும் சக்தி இச்சிறு உடம்புக்கு இல்லை. தீபாவளிக்குச் சொந்த ஊர் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுக்கும்போது, தினம் இருமுறை ஊதிப் பார்க்கும்படி செய்துகாட்டிவிட்டுப் போக வேண்டும். கீரையில் முளைக்கீரையும் கொத்தமல்லியும் நல்லவை. கழுவி, நீர் வடியவிட்டுக் கொடுங்கள். உப்பிட்ட பண்டம், சாக்லேட், வெண்ணெய்ப்பழம் என்று வழங்கும் அவகாடோ ஆகியவை கூடவே கூடா. குழாய்நீரில் சாக்கடை கலக்கக்கூடிய நாளாகையால் காய்ச்சி ஆறிய ஜலமே வைத்து, காலை மாலை இருவேளையும் கிண்ணத்தின் வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்தைவிட நீளமே முக்கியம், ஏனெனில் இவை பக்கவாட்டில் பறக்கும் பறவைகள். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளமாவது இருக்க வேண்டும், கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. அழகாயிருக்கிறதென்று கோபுர வடிவில் வட்டக் கூண்டு வாங்கியவர்கள் அதைப் பூந்தொட்டிக்கு உபயோகித்துக்கொள்ளலாம். கொய்யா மரக்கிளையைக் குச்சியாகக் கட்டுங்கள். தீனிக்கும் ஜலத்துக்கும் நேர்மேலே கட்டாதீர்கள். மழை முடியும்வரை கூண்டு சாரல் எட்டாத சுவரோரத்தில் இருக்கட்டும். தார்ப்பாய் கட்டுவதானால் காற்றடிக்கும் பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். நாற்புறமும் மூடிவிட்டால் எச்சத்தின் ஆவியும் ஈரமும் உள்ளேயே தங்கிச் சுவாச நோய்க்கு இடமாகும். குளிர் என்று இரங்கி அடுக்களைக்குள் கொண்டுபோவது அதைவிடக் கேடு. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சு அளவுமீறிக் காய்ந்தால் எழும் ஆவி, நமக்கு வாசனைகூடத் தெரியாதபோதே கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். அடித்தட்டில் விரித்த செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள். குளிக்கத் தட்டு வைப்பதானால் முற்பகலில் வைத்து எடுத்துவிடுங்கள். ஈர இறகோடு பறவை இரவுக்குள் போகலாகாது.

தீபாவளிக்கு முன்னும் பின்னுமாகச் சில இரவுகள் கூண்டை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி, மூன்று பக்கம் மெல்லிய பருத்தித்துணி போர்த்தி, ஒரு சிறு விளக்கை விடியும்வரை எரியவிடுங்கள். முழு இருட்டில் வெடிச்சத்தம் கேட்டுத் திடுக்கிட்ட சிட்டு, குச்சி எங்கேயென்று தெரியாமல் கம்பியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். சிறு வெளிச்சம் இருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும்.

கொசு, மனிதருக்குப் போலவே பறவைக்கும் நோய் கொண்டுவருவது. கண்ணோரத்திலும் அலகடியிலும் காலிலும் கொப்புளம் எழுப்பும் பறவையம்மை கொசுக்கடியாலும் பரவுகிறது. அந்தி சாய்ந்ததும் கூண்டின்மேல் கொசுவலை போடுங்கள். கொசுவர்த்திச் சுருளும் பூச்சிமருந்துத் தெளிப்பும் கூண்டு இருக்கும் இடத்திலேயே வேண்டாம். எறும்புக்காகக் கூண்டில் எறும்புச் சாக்பீஸ் கோடு இழுப்பதும் விஷப்பிரயோகத்துக்குச் சமானம். கூண்டு மேஜைமேல் இருந்தால் கால்களை ஜலக்கிண்ணத்தில் நிறுத்தி, அந்த ஜலத்தை நாள்தோறும் மாற்றுங்கள்.

பகலிலேயே பந்துபோல் உப்பி, கண்ணைச் செருகிக்கொண்டு, தீனிக்கு வராமல் இருக்கும் பறவை நோய்ப்பட்டது. அலகைத் திறந்து மூச்சுவாங்கினாலும், மூச்சோடு டிக் டிக் என்ற ஒலி வந்தாலும் அவ்வாறே. அதைச் சிறு கூண்டுக்கு மாற்றி, ஒரு பக்கத்தில் மட்டும், வெளியே, 40 வாட் குண்டு பல்பை எரியவிடுங்கள்; உஷ்ணம் மிஞ்சினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கடைக்காரர் தரும் வண்ணத்தூள்களை ஜலத்தில் கரைப்பதற்குமுன் கால்நடை வைத்தியரைப் பாருங்கள். சென்னையில் இருப்போருக்கு 1903ஆம் ஆண்டு தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னும் வாங்காதவர்கள் தை பிறக்கும்வரை பொறுத்திருப்பதே உத்தமம்; நனைந்து, நெரிசலில் கிடந்து, பயணத்தில் இளைத்து வரும் சிட்டைத் தேற்றுவது அனுபவஸ்தருக்கே சிரமம். அப்போதும் தனியாக ஒன்றை வாங்காதீர்கள், இவை கூட்டத்தோடு வாழ்பவை. முட்டை குஞ்சு என்ற தொல்லை வேண்டாதவர்கள், கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும் விலாவில் வெண்புள்ளியும் உள்ள ஆண்களாகவே இரண்டு வாங்கலாம், பாடுவதும் ஆண்தான். சந்தையில் பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சாயம் தோய்த்து மலிவாக விற்கும் சிட்டுகள் நம் நாட்டு வயல்களில் வலைவைத்துப் பிடித்த சில்லைகள். அவற்றை விலை குறைவென்று வாங்கிவிடாதீர்கள். பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.