மடிக்கணினியில் இரு களஞ்சியங்கள்

முன்னுரை

இல்லறம் நடாத்தும் தாய்மார் கடுகு, சீரகம், மிளகு முதலியவற்றை அஞ்சறைப் பெட்டியிலிட்டு அடுப்பருகே வைப்பர்; ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நெல்லைக் குதிரிலிட்டு வைப்பர். அடிக்கடி வேண்டுவது கைக்கெட்டும் இடத்திலும், எப்போதேனும் வேண்டுவது இடம் மிக்குள்ள இடத்திலும் இருத்தல் வேண்டும் என்னும் இம்முறையை அவர்க்கு எவரும் நூலால் உணர்த்தினாரிலர். ஒரே மடிக்கணினியுள் இரண்டு களஞ்சியங்களைப் பெற்றுள்ள மாணவர் பலர் இவ்வெளிய முறையைக் கைக்கொள்ளாது இடர்ப்படுகின்றனர். யாமும் அங்ஙனம் இடர்ப்பட்டோமாதலின், அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறப் புகுகின்றோம்.

இருவகைக் களஞ்சியங்களின் இயல்பு

இவற்றுள் மூத்தது வன்தட்டு எனப்படும் ஹார்டு டிஸ்க். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ராமாக் என்னும் கணினியில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சேர்ந்து ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களைத் தாங்கின. இன்றைய மடிக்கணினியின் வன்தட்டு உள்ளங்கையில் அடங்குவது. எனினும் தத்துவம் அதுவே. காந்தப் பூச்சுடைய தட்டுச் சுழல, அதன்மேல் ஒரு முனை அசைந்து எழுதியும் படித்தும் வருகின்றது. இவ்வகைத் தட்டுகளுட் பல நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வன. அஃதாவது நொடிக்கு 90 முறை. வேண்டிய இடம் முனையின்கீழ் வந்துசேரச் சராசரி அரைச் சுற்று, அஃதாவது நொடியில் 180-இல் ஒரு பங்கு, காத்திருத்தல் வேண்டும். முனை நகரும் காலம் இதனின் வேறு. பெரிய திரைப்படம் ஒன்றைத் தொடர்ந்து படிக்குங்கால் இக்காத்திருப்புத் தோன்றாது. ஆனால், கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைத் தேடவேண்டியிருத்தலின், சிறுதுளி பெருவெள்ளமாகின்றது.

இளையது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைக் களஞ்சியம். ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா என்பார் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது 1984-இல் உலகிற்கு அறிவித்த பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. இதனுள் சுழல்வதும் அசைவதும் ஒன்றுமில்லை. சிலிக்கன் அறைகளில் அடைபட்ட மின்னூட்டமே எழுத்தாக நிற்கின்றது. ஆதலின் தேடும் காலம் மிகமிகச் சிறிது.

இதற்குங் குறைகள் உள. ஒரே கொள்ளளவிற்கு வன்தட்டினும் விலை மிகுதி. அன்றியும், எழுதியதன்மேல் நேரே மீண்டும் எழுதுதல் இதற்கியலாது. எழுதுவது சிறு பக்கங்களாகவும் அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெருந் தொகுதிகளாகவும் நிகழும்; அழிக்குந்தோறும் அறைகள் சிறிது தேய்வுறும். இடம் நிரம்பிவிடின், பயனுள்ள பக்கங்களை வேறிடத்திற்கு மாற்றிய பின்னரே ஒரு தொகுதியை அழிக்க வேண்டியதாகின்றது. இதனால் வேகமுங் குன்றும், தேய்வும் மிகும். ஆகவே இதனை முற்றும் நிரப்பாது, ஐந்தில் ஒரு பங்கேனும் வெற்றிடமாக விடுதல் நன்று.

எம் பிழை

எமக்கு வாய்த்த மடிக்கணினியில் 128 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யும், ஒரு டெராபைட் வன்தட்டும் இருந்தன. திரையில் அவை 119 என்றும் 931 என்றும் காட்டின. வணிகர் எம்மை ஏமாற்றினாரென ஐயுற்றோம். அஃது எம் அறியாமையே. செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ண, விண்டோஸ் 1024 ஆக எண்ணுதலின் இவ்வேறுபாடு விளைந்தது.

வந்தன யாவற்றையும் சி என்னும் முதற் பகுதியிலேயே குவித்தோம். சின்னாட்களில் அது நிரம்பி, கட்டுரை ஒப்புவிக்கவேண்டிய நாளின் முன்னிரவில் கணினி செயலற்று நின்றது. அதனால் வெகுண்டு, நிரல்களையும் நூல்களையும் வேறுபாடின்றி வெட்டி டி பகுதியில் ஒட்டினோம். நிரல்கள் இயங்காதொழிந்தன. நிரலின் பெயரும் இடமும் இயங்குதளத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருத்தலின், அவற்றை வெட்டி ஒட்டுதல் தகாது. நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுதலே முறை.

இதனினும் கொடிய இழப்பு ஒன்றுண்டு. எம் பாட்டியார் பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டுமாக 40 பாடல்களை ஒலிப்பதிவு செய்து அவ்வன்தட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மேசையினின்றும் வீழ்ந்தது. தட்டிற்கும் முனைக்கும் இடைவெளி மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாதலின், முனை தட்டில் மோதி டக்கென்னும் ஒலியொன்றே எஞ்சியது. தமையனாரின் கைப்பேசிக்கு முன்னரே அனுப்பியிருந்த 11 பாடல்களே பிழைத்தன. பாட்டியார் மறுபடியும் பாட மகிழ்வுடன் இசைந்தனர். ஆயினும் சில பாடல்களின் முதலடி மட்டுமே அவர்க்கு நினைவில் வந்தது. "போனது போகட்டும் கண்ணு" என்றனர். அச்சொல்லே எமக்குப் பெரிதும் வருத்தம் விளைத்தது.

ஒழுங்குபடுத்தும் முறை

ஒன்று: யாதொன்றையும் நகர்த்துமுன், இழக்கலாகாதவற்றிற்கு வெளித்தட்டொன்றில் பிரதி எடுத்துக்கொள்க.

இரண்டு: இயங்குதளம், அன்றாடம் ஆளும் நிரல்கள், இப்போது எழுதிவரும் கட்டுரைகள் ஆகியவை எஸ்.எஸ்.டி.யில் இருக்க. திரைப்படம், இசை, நிழற்படம், முடிந்த பருவத்தின் பாடக்குறிப்பு ஆகியவை வன்தட்டிற்குச் செல்க.

மூன்று: ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் என்னும் கோப்புறைகளைப் பெயர்க்க, அவற்றின் பண்புகளைத் திறந்து, இருப்பிடம் என்னும் பகுதியில் புதிய இடத்தைக் குறிக்க. அங்ஙனம் குறிக்குங்கால் டி பகுதியில் முன்னரே தனிக் கோப்புறை ஒன்றை அமைத்து அதனைக் காட்டுக. வெறுமனே டி என்று காட்டின், அப்பகுதி முழுதுமே ஆவணக் கோப்புறையாய்விடும். பின்னர்ப் பிரித்தல் அரிது.

நான்கு: சிதறிய கோப்புக்களை ஒன்றுசேர்க்கும் பணி வன்தட்டிற்கே உரியது. எஸ்.எஸ்.டி.க்கு அதனாற் பயன் சிறிது, தேய்வே மிகுதி. விண்டோஸ் இவ்விரண்டின் வேறுபாட்டையும் அறிந்து தானே ஏற்றவாறு பேணுதலின், அதனை அதன்போக்கில் விடுக.

ஐந்து: எஸ்.எஸ்.டி.யில் அழித்த கோப்பினை மீட்டல் பெரும்பாலும் இயலாது. அதனை மின்னின்றி ஆண்டுக்கணக்கில் வைப்பின் மின்னூட்டமும் மெல்லக் கசியும். ஆதலின் நெடுங்காலக் காப்பிற்கு அஃதொன்றையே நம்பற்க.

முடிவுரை

இரு களஞ்சியங்கள் உளவாதலின் இரு பிரதிகள் உளவென்று கருதுவோர் பலர். ஒரே பெட்டியுள் இருக்கும் இரண்டும், திருட்டு, நீர், நெருப்பு என்பனவற்றின்முன் ஒன்றேயாம். அஞ்சறைப் பெட்டியும் குதிரும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. ஆதலினன்றோ உழவர் விதைநெல்லை உண்ணாது தனியே போற்றி வைக்கின்றனர். நம் கோப்புக்களுள்ளும் விதைநெல் போல்வன சில உண்டு. அவை யாவை என்று இன்றே தெரிந்து, வேறோரிடத்தில் வைப்பார்க்கு எம்போல் வருந்தும் நிலை நேராது. எஞ்சிய 11 பாடல்களும், பாட்டியார் மீளப் பாடியனவும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன.