விரைவு வேறு, நேரம் தவறாமை வேறு

நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் டிப்ளமாவோ பி.இ.யோ முடித்து, பிம்ப்ரி, சாகன் தொழிற்சாலைகளில் சேருகிறார்கள். அங்கே இயந்திரங்களை இணைக்கும் ‘ஈதர்நெட்’ பற்றி ஓர் அடிப்படையை மட்டும் இங்கே சொல்கிறேன். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவன் என்பதால் உதாரணங்களும் ரயிலாகவே இருக்கும், அன்பர்கள் பொறுத்தருள்க.

1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது ஈதர்நெட். அதில் பல கணினிகளுக்கு ஒரே கேபிள். கேபிள் காலியா என்று பார்த்துவிட்டுக் கணினி செய்தியை அனுப்பும். இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதையும். உடனே இரண்டும் நிறுத்தி, குருட்டாம்போக்காகச் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். 16 முறை முயன்றும் மோதினால் கைவிட்டுவிடும்.

அலுவலகக் கடிதம் சற்றுப் பிந்தினால் குடி முழுகிவிடாது. ஆனால் அச்சு இயந்திரத்தில் காகிதம் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டாருக்கு உத்தரவு 1 மில்லி விநாடி பிந்தினால் காகிதம் 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சிவப்பு ஓரிடம், நீலம் ஓரிடம்!

இதற்கு முதல் தீர்வு ஸ்விட்ச். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள். போக ஒரு வழி, வர ஒரு வழி. ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையானதும் மோதல் ஒழிந்தது. ஆனால் ஸ்விட்சுக்குள் செய்திகள் வரிசையில் காத்திருப்பது ஒழியவில்லை.

2003-இல் ஜெர்மனியின் பெக்ஹாஃப் நிறுவனம் ‘ஈதர்கேட்’ முறையைக் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டுக் கணினி அனுப்பும் ஒரே செய்தி எல்லாக் கருவிகள் வழியாகவும் ஓடும். அது கடக்கும்போதே ஒவ்வொரு கருவியும் தன் உத்தரவை எடுத்துக்கொண்டு, தன் பதிலை அதில் வைத்துவிடும். ஓடும் வண்டியிலிருந்து டோக்கன் வளையத்தை மாற்றிக்கொள்வோமே, அதேதான். வண்டி எங்கும் நிற்பதில்லை. ஆகவே ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. 100 மெகாபிட் வேகம் என்றால் மயங்காதீர்கள். அதிகபட்சம் எவ்வளவு பிந்தும் என்று கேளுங்கள். அடுத்து, செய்தி வராவிட்டால் இயந்திரம் என்ன செய்யும் என்று கேளுங்கள். கம்பி அறுந்தால் கைகாட்டி தானே ‘நில்’ என்று காட்டும். அதுபோல, குறித்த நேரத்தில் செய்தி வராவிட்டால் ரோபோக் கை தானே நின்றுவிட வேண்டும். அதன் பக்கத்தில் நிற்பது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.