பீடியைத் தொடாதவர்களுக்கும் வரும் நோய்

"எங்கம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. அவங்களுக்கு எப்படி சி.ஓ.பி.டி. வரும்?"

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பணக்கார நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை வைத்தே நெடுங்காலம் இதைப் புகைபிடிப்பவர்களின் நோய் என்று சொல்லிவந்தார்கள். அந்த நாடுகளுக்கு அது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அங்கே இந்த நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புகையிலைதான் காரணம். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம் மட்டுமே. விறகு, சாணி வறட்டி, வேலையிடத் தூசி, தெருக்காற்று, குழந்தைப் பருவத்தில் அடிக்கடி வந்த நிமோனியா, பழைய காசநோய் என்று மற்ற காரணங்கள் பல.

இந்தியாவில் 2016-ல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதனால் உண்டாகும் பாதிப்பில் 53.7 சதவீதம் அடுப்புப் புகையும் சேர்ந்த காற்று மாசால் வருகிறது. புகையிலையின் பங்கு 25.4 சதவீதம். ஈர விறகு பற்றாமல் புகையும்போது ஒருவர் அடுப்புக்கு நேரே குனிந்து ஊதுகுழலில் ஊதுகிறார். ஊதி முடித்ததும் நெஞ்சு நிறைய இழுப்பது அந்தப் புகையைத்தான். இருபது, முப்பது வருடம் மூன்று வேளையும் இப்படிச் சமைத்தவரிடம் "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுவது பெரிய அநியாயம்.

"வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்."

இந்த நம்பிக்கைதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. 70 வயதுக்குள் இந்த நோயால் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். நேபாளம், பெரு, உகாண்டா மூன்றிலும் 10,000-க்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. நேபாளத்தில் ஆய்வு நடந்த இடத்தில் 18 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. மூன்று நாடுகளிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேருக்கு அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

கண்டுபிடிக்கும் சோதனை பயப்படும்படியானதல்ல. ஸ்பைரோமெட்ரி என்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு விநாடியில் வெளியேறுவது 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை.

"காஸ் அடுப்பு வந்தாச்சு, இனி கவலை இல்லை."

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மலாவியில் 150 கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து காஸ் அடுப்பு ஆய்வு ஒன்று நடந்தது. அதன் இந்தியப் பகுதி நம் விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில்தான் நடந்தது. காஸுக்கு மாறிய பெண்கள் சுவாசித்த நுண்தூசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனாலும் பிறந்த குழந்தைகளின் எடையிலோ, கடும் நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் காஸ் வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கே சொன்ன முடிவுகள் குழந்தைகளைப் பற்றியவை, அதுவும் குறுகிய காலத்துக்கு. பெரியவர்களின் நுரையீரல் விஷயம் வேறு. சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் புகைபோக்கி வைத்த வீடுகளில் சி.ஓ.பி.டி. குறைந்தது. அந்தப் பலன் தெளிவாகத் தெரியப் பத்து வருடம் ஆனது.

"காசநோய் குணமானால் நுரையீரலும் பழையபடி ஆகிவிடும்."

கிருமி போய்விடும், தழும்பு போகாது. மாத்திரையை முழுசாக முடித்தவர்களிலும் பலருக்கு மூச்சிரைப்பு மிஞ்சுகிறது.

"பம்ப் பிடிச்சா பழகிடும்."

பழகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பம்பை (இன்ஹேலரை) ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நெஞ்சுக்குப் போகிறது. பயந்து பம்பைத் தள்ளிவைப்பவர்கள்தான் இரவில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் உள்ளே போக, பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் வேண்டும். வாங்க வசதியில்லாதவர்களுக்கு வழி காட்டியது தென்னாப்பிரிக்கா. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் பொருந்தும்படி துளையிட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டினார்கள். ஆஸ்துமாவால் திணறிய குழந்தைகளுக்கு அது கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்தது என்று 1999-ல் கேப்டவுன் மருத்துவர்கள் நிரூபித்தார்கள்.

உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர் யாராவது பல வருடம் விறகில் சமைத்தவரா, தூசியில் வேலை பார்த்தவரா, காசநோய் வந்து குணமானவரா? மாதக்கணக்கில் இருமலும் சளியும் இருந்தால், சமதரையில் நடக்கவே மூச்சு வாங்கினால், நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எத்தனை வருடம் விறகடுப்பு என்பதை நீங்களே சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.