பின்னால் கட்டிய நாற்காலி

கேள்வி:

நாங்கள் கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. தேயிலைக் கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயால் நான்கு ஆண்டுகளுக்கு முன் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரு பக்கமும் சக்கரம் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அதை நன்றாகவே ஓட்டுகிறார். அம்மா கியா பார்ம் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்கிறார். அப்பாவும் தினமும் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் மின்சாரச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். 27 கிலோ. பின்னால் இரும்புத் தட்டு அடித்து, அதில் நாற்காலியை வைத்து, காய்கறிக் கூடை கட்டும் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறார். போன வாரம் மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் 'மிதப்பது போல' இருந்ததாம். ஹேண்டலைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லையாம். எந்தக் கயிற்றால், எப்படிக் கட்டினால் பாதுகாப்பு? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

கயிற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் அப்பாவின் நாற்காலி அவிழ்ந்து விழவில்லை. அது உறுதியாகத்தான் இருந்தது. மிதந்தது முன் சக்கரம். ஆகவே எப்படிக் கட்டுவது என்பதை விட்டுவிட்டு, எங்கே வைப்பது என்று பார்ப்போம். இதற்கு என்னைவிட நல்ல ஆசிரியர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். கொழுந்து மூட்டைகளை லோரியின் வால் பக்கமாகவே அடுக்கினால் மேட்டில் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேளுங்கள். டிரைவர் திட்டியது நினைவுக்கு வரும்.

கணக்காகவே சொல்கிறேன். கப்சாயில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். வண்டி நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பக்கச் சக்கரமும் சட்டமும் ஒரு 30 கிலோ, அப்பா ஒரு 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில், சமதரையில், முன் சக்கரம் 65 கிலோ அளவுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். இப்போது பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 27 கிலோ நாற்காலியை வையுங்கள். சீசா பலகை போலத்தான்: முன்னால் 11 கிலோ குறைந்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேடு என்றால் இன்னொரு 12 கிலோ போகும். மீதி நாற்பது சொச்சம். அதிலும் முதல் கியரில் திராட்டலை முறுக்கினால், நடுவில் ஒரு குழியில் ஏறி இறங்கினால், திருப்புவதற்கு வேண்டிய பிடி அங்கே இருக்காது. அப்பா சொன்ன 'மிதப்பு' அதுதான். அவர் சரியாகவே உணர்ந்திருக்கிறார்.

நீங்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். அதைப் பேசுவதற்கு முன், கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். கப்சாயில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அப்பாவுக்கு அந்தக் கால் இல்லை. பின் பிரேக்கைக் கைக்கு மாற்றிக் கொடுத்தார்களா? பட்டறையில் சக்கரம் ஒட்டிக்கொடுத்த பிறகு இதை மறந்துபோன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர்கள் முன் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு, 'பழகிவிட்டது' என்பார்கள். மாற்றவில்லை என்றால் இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்குமுன் வண்டியை நிறுத்தி வையுங்கள். இடது கைப்பிடியில் ஒரு லீவர் வைத்து, கேபிள் வழியாகப் பின் பிரேக்குக்கு இணைப்பது பெரிய வேலையல்ல. கப்சாயில் கிளட்ச் லீவர் இல்லாததால் இடது கை சும்மாதான் இருக்கிறது.

இனி இறக்கம். இரண்டு சக்கர மோட்டார் வளைவில் சாய்ந்து போகும். பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயாது, சாய முடியாது. அதனால் வேகம் கூடினால் வெளிப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். கவிழ்வதும் நேராகப் பக்கவாட்டில் இல்லை. முன் சக்கரத்தையும் வெளிப்புறப் பின் சக்கரத்தையும் சேர்க்கும் மூலைக் கோட்டின் மேல் புரளும். இறக்கத்தில், வளைவுக்குள், முன் பிரேக்கைப் பிடித்தால் பாரம் முழுவதும் அந்தக் கோட்டை நோக்கித்தான் பாயும். பக்கச் சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்து நான் போட்ட கணக்கில், 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில், நாற்காலி இல்லாமலே, மணிக்கு 27 கிலோமீட்டரில் உள்பக்கச் சக்கரம் தூக்க ஆரம்பிக்கும். பாரம் உயரமாக இருந்தால் அதற்கும் கீழே. உங்கள் தோட்டத்துச் சாலை அகலம் குறைந்தது. எதிரே சுற்றுப்பயணிகளின் வேன் வந்தால் யாராவது ஒதுங்க வேண்டும். அதில் 15-க்கு மேல் போக வேண்டாம். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். கியரைக் கீழே போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பழைய பின் சக்கரம் நடுவில் அப்படியே இருக்கிறதா, அல்லது அதை எடுத்துவிட்டு இரண்டு சக்கரம் உள்ள அச்சு போட்டார்களா? பெரும்பாலும் முதல் வகைதான் செய்வார்கள், செலவு குறைவு. அதில் ஒரு வம்பு உண்டு. பள்ளமான இடத்தில் இரண்டு பக்கச் சக்கரங்களும் மேட்டில் ஏறி நின்றால், நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஓடும் சக்கரமும் அதுதான், பின் பிரேக் பிடிக்கும் சக்கரமும் அதுதான். நாற்காலியின் எடையைப் பக்கச் சட்டத்தின் மேல் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். பக்கச் சக்கரங்கள் ஸ்பிரிங்கோடு தனித்தனியாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இறுக வெல்டிங் செய்திருந்தால் எந்தப் பாரமும் ஏற்றும் முன் அதை மாற்ற வேண்டும்.

சரி, நாற்காலி. என் முடிவு இது: அந்த 27 கிலோ நாற்காலி அந்த மோட்டாரில் போகக் கூடாது. எந்தக் கயிறு கட்டினாலும்.

உறவினர் மனம் வருந்துவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் பின்னால் இருக்கும் நாற்காலியை யார் இறக்குகிறார்கள்? அம்மாவா, பக்கத்துக் கடைக்காரரா? அதுவரை அப்பா மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். தானாக வண்டி ஓட்டி வந்தவர், கடைசிப் பத்தடிக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்கிறார். மூட்டை தூக்கியவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்து விரித்து மாறி உட்காரும்படி நாற்காலி இருக்க வேண்டும். 27 கிலோவை உட்கார்ந்தபடி இறக்க முடியாது. 12 கிலோவை முடியும்.

இன்றைய மடக்கும் சக்கர நாற்காலி பிறந்த கதையே இதுதான். 1918-ல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், அந்தக் காலத்துக் கனத்த நாற்காலியைக் காரில் ஏற்ற முடியாமல் தவித்தார். ஹாரி ஜென்னிங்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 1933-ல், நடுவில் பெருக்கல் குறி போல் இரண்டு குழாய்கள் குறுக்கே போகும் நாற்காலியைச் செய்தார். இன்று மருத்துவமனை வாசலில் நிற்கும் சாதாரண மடக்கு நாற்காலியில் அதே பெருக்கல் குறியைப் பார்க்கலாம்.

ஆகவே: மின்சார நாற்காலியை ஒரே ஒரு முறை, யாருடைய பிக்-அப்பிலாவது ஏற்றி, கடைக்குக் கொண்டுபோய் விடுங்கள். அது அங்கேயே இருக்கட்டும். இரவில் பூட்டி வைக்க இடம் பாருங்கள், ஈரம் படாத இடமாக. கேமரன் மலையின் பனியும் மழையும் அதன் கண்ட்ரோல் பெட்டிக்கு ஆகாது. மோட்டாரில் போவது ஓர் அலுமினிய மடக்கு நாற்காலி. பெரிய சக்கரங்கள் பொத்தானை அழுத்தினால் கழலும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சக்கரத்தைத் தனியாக எடுத்தால் தூக்குவதற்கு இன்னும் இலகு.

அதை எங்கே வைப்பது? பின்னால் உள்ள இரும்புத் தட்டை அறுத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இருந்தால் யாராவது ஒருநாள் அதில் முட்டைக்கோஸ் மூட்டை வைப்பார்கள். இருக்கைக்கு இடது பக்கம், பக்கச் சக்கரத்தின் சட்டத்தோடு சேர்த்து, ஒரு குறுகிய தொட்டில் போல அடித்து, மடக்கிய நாற்காலியை அதில் நீளவாக்கில் நிறுத்த வேண்டும். அதன் நடுப்பகுதி பின் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வர வேண்டும், பின்னால் வரவே கூடாது. முடிந்தவரை தாழ்வாக. நம் ஊரில் இடது பக்கம்தான் சாலை ஓரம், ஆகவே இறங்குவதும் அந்தப் பக்கம்தான் நல்லது. எடை ஒரு பக்கமாக இருக்கிறதே என்றால், கடைக்குக் கொண்டுபோகும் பையை வலது பக்கம் மாட்டுங்கள்.

இப்போது கயிறு. ரப்பர் கயிறு கூடைக்குச் சரி. குலுக்கலில் அது நீளும், நீண்டு சுருங்கும்போது நாற்காலியைத் துள்ள வைக்கும். நீளாத நாடா, இழுத்து இறுக்கும் பூட்டோடு, லோரிக்காரர்கள் வைத்திருப்பது போல. இரண்டு போதும், ஒன்று அவிழ்ந்தால் மற்றொன்று. கட்ட வேண்டியது நாற்காலியின் சட்டத்தில். கைப்பிடி, கால் வைக்கும் பலகை, சக்கரக் கம்பி எதிலும் கட்டாதீர்கள், அவை எல்லாம் கழலும் பாகங்கள். மின்சார நாற்காலியை பிக்-அப்பில் ஏற்றும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு: ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். நாற்காலியின் மோட்டாரை விடுவிக்கும் லீவரைப் பூட்டிய நிலையில் விடுங்கள். அதைத் திறந்து வைத்தால் பிரேக் இருக்காது, நாற்காலி பிக்-அப்புக்குள் உருளும்.

'நாற்காலியையே ஓட்டிக்கொண்டு போனால் என்ன' என்று யாராவது சொல்லக்கூடும். சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் நியோபோல்ட் என்ற இணைப்பைக் கொண்டுவந்தது. அதைச் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் நாற்காலியே மூன்று சக்கர வண்டி ஆகிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். தட்டையான சென்னைத் தெருவுக்கு அருமையான யோசனை. உங்கள் மலைச் சாலைக்கு நான் சொல்ல மாட்டேன். ஓரம் ஒதுங்க நடைபாதை இல்லாத இடத்தில், பனிமூட்டத்தில், அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்திருப்பவரை வேன் ஓட்டுபவர் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார்.

சட்டத்தையும் விடக் கூடாது. மலேசியச் சட்டத்தில் இந்த வகை வண்டிக்கு இருக்கும் பெயர் ஆங்கிலேயர் விட்டுப்போனது. நோயாளி வண்டி என்று பொருள்படும் அந்தப் பெயரில் பிரிட்டனில் இன்வாகார் என்ற மூன்று சக்கர வண்டிகள் ஓடின. 2003 மார்ச் 31-ல் அங்கே அவற்றைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே பெயர் தங்கிவிட்டது, அதற்குத் தனி உரிம வகுப்பும் உண்டு, 'ஏ' வகுப்பு. அப்பாவிடம் இருப்பது கால் போவதற்கு முன் எடுத்த பழைய பி2 மோட்டார் சைக்கிள் உரிமம் மட்டும் என்றால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜே.பி.ஜே.) கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பக்கச் சக்கரமும், இப்போது நான் சொன்ன தொட்டிலும் வண்டியின் அமைப்பை மாற்றுவதால், ஜே.பி.ஜே. ஒப்புதலும் புஸ்பாகோம் நிலையத்தின் வாகனப் பரிசோதனையும் வேண்டும். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்புதல் இல்லாத வண்டி மோதினால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

செலவுக்கு: அப்பாவுக்கு ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருந்தால் சமூக நல இலாகாவில் துணைக் கருவிகளுக்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கால் போனபோது 57 வயது, இன்னும் வேலையில் இருந்தார் என்றால் பெர்கேசோவிலும் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கேளுங்கள். ஊனத் திட்டத்தில் அவருக்கு உரிமை இருக்கலாம். செயற்கைக் கால் பற்றியும் அங்கேயே பேசுங்கள். நான்கு ஆண்டுகளாக அதைப் பற்றி ஒருவரும் அவரிடம் பேசவில்லை என்றால் அது எனக்கு ஆச்சரியம்.

எல்லாம் செய்து முடித்ததும், முதல் ஓட்டம் சனி, ஞாயிறிலோ பள்ளி விடுமுறையிலோ வேண்டாம். கியா பார்ம் நெரிசல் உங்களுக்குத் தெரியாததல்ல. செவ்வாய், புதன் போன்ற ஒரு நாள், மழை விட்ட காலை. தொட்டிலில் நாற்காலிக்குப் பதிலாக ஒரு 10 கிலோ அரிசி மூட்டையை இறுகக் கட்டி, முதலில் சமதரையில், பிறகு அந்த மேட்டில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். முன் சக்கரம் எப்படி இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.