மோண்டேவெர்டே: குடியேறியோரும் முகிற்காடும்

உலகப் படத்தை விரித்து, வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியைக் காண்க. அங்கே நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் இடையில் கோஸ்டா ரிக்கா என்னும் சிறு நாடு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 51,000 சதுரக் கிலோமீட்டர். கேரளத்தைவிடப் பெரிது, தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைவு. அந்நாட்டின் வடமேற்கில், கடல் மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டர் உயரத்தில், ஒரு மலை முகட்டின் சரிவில் மோண்டேவெர்டே என்னும் சிற்றூர் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் 'பச்சை மலை' என்பது பொருள். விலங்கும் பறவையும் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்லும் ஊர் அது. அவ்வூருக்கு அப்பெயரை இட்டவர்களோ அயல் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். பிறந்த மண்ணை விட்டு, வேற்று மொழி வழங்கும் இடத்தில் வாழும் நம் போன்ற மாணவர்க்கு அவர்கள் வரலாறு சுவை தரக்கூடும்.

அவர்கள் குவேக்கர்கள். நண்பர் சங்கம் என்பது அச்சமயப் பிரிவின் முறையான பெயர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய இப்பிரிவினர், எக்காரணத்தாலும் போர்க்கருவி ஏந்துதல் கூடாது என்ற கொள்கையினர். 1948இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் மீண்டும் வந்தது. அலபாமா மாநிலத்து ஃபேர்ஹோப் ஊரைச் சேர்ந்த குவேக்கர் இளைஞர் நால்வர் அதன்படிப் பெயரைப் பதிவு செய்ய மறுத்தனர். 1949இல் நீதிமன்றம் அவர்களுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதித்தது. சில மாதங்களில் விடுதலையாயினர் என்றாலும், அவர்கள் வரி கொடுக்கும் ஒவ்வொரு காசிலும் ஒரு பங்கு போருக்குச் செல்கிறதே என்ற கவலை அந்தச் சிறு சமுதாயத்தை வாட்டியது. நாட்டை விட்டே போய்விடுவது என்று பல குடும்பங்கள் முடிவு செய்தன.

எங்கே போவது? அதற்கு விடை அப்பொழுதுதான் உருவாகியிருந்தது. 1948 டிசம்பரில் ஹோசே ஃபிகெரெஸ் தலைமையில் இருந்த கோஸ்டா ரிக்க அரசு தன் படையைக் கலைத்துவிட்டது. 1949இல் இயற்றப்பட்ட அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிலையான படை இல்லை என்பதை உறுதி செய்தது. படையில்லாத நாட்டை நோக்கிப் பதினொரு குடும்பங்களைச் சேர்ந்த நாற்பதுக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். சிலர் வானூர்தியில் சென்றனர். சிலர் தட்டுமுட்டுப் பொருள்களுடன் வண்டிகளில், சாலை என்று பெயர் மட்டும் பெற்றிருந்த வழிகளில், மாதக் கணக்கில் ஊர்ந்து சென்றனர். பல இடங்களைப் பார்த்த பிறகு, 1951இல் இம்மலைச் சரிவில் ஏறத்தாழ 1,400 ஹெக்டேர் நிலம் வாங்கினர்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். இவ்வரலாற்றைச் சொல்வோர் சிலர், ஆளில்லாக் காட்டில் குவேக்கர்கள் ஊர் கண்டனர் என்று எழுதிவிடுகின்றனர். அது சரியன்று. அருகிலுள்ள சாந்தா எலேனா, சான் லூயிஸ் ஆகிய இடங்களில் கோஸ்டா ரிக்க உழவர்கள் முன்னரே குடியிருந்தனர். எந்த மண் எதற்கு ஏற்றது, மழை எப்பொழுது வரும், எருது பூட்டிய வண்டியை எந்த வழியில் இறக்கலாம் என்பவற்றை வந்தவர்கள் இருந்தவர்களிடமே கற்றுக்கொண்டனர்.

பிழைப்புக்கு அவர்கள் மாடு வளர்த்தனர். ஆனால், மலைப்பாதை கரடுமுரடானது. பால் சமவெளி நகரங்களைச் சென்று சேர்வதற்குள் கெட்டுவிடும். ஆகவே, பாலைப் பாலாடைக்கட்டியாக மாற்றினர். அது கெடாது, எடையும் குறைவு. 1953இல் தொடங்கிய அத்தொழிற்சாலைக்கு அண்டை உழவர்களும் பால் கொடுத்தனர். நாளடைவில் அதன் பங்குதாரர்களும் ஆயினர். அயலாரையும் ஊராரையும் ஒன்றாக்கியது சமயமன்று, பால்தான் எனலாம். (2013இல் அத்தொழிற்சாலை ஒரு மெக்சிக நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.) குழந்தைகளுக்குப் பள்ளி ஒன்றை முதலாண்டிலேயே ஏற்படுத்தினர்; இன்றும் அங்கு ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் பயிற்றுமொழிகள். குவேக்கர் வழிபாட்டில் குருக்கள் இல்லை, பாட்டும் பெரிதாக இல்லை; எல்லாரும் கூடி மௌனமாக அமர்ந்திருப்பர், உள்ளம் உந்தும்போது ஒருவர் எழுந்து பேசுவார். அம்மௌனப் பழக்கம் பறவை காண்பதற்கு நல்ல பயிற்சி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, அவர்கள் செய்த முக்கியமான செயலுக்கு வருவோம். நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டபோது, மேல் முகட்டில் இருந்த ஏறத்தாழ 554 ஹெக்டேர் காட்டை எவருக்கும் கொடுக்காமல் பொதுவில் ஒதுக்கினர். காரணம் எளியது. ஊருக்கு நீர் தரும் ஓடைகள் அங்கேதான் பிறக்கின்றன. காட்டை வெட்டினால் ஓடை வற்றும். அரிய உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்று எவரும் எண்ணவில்லை. மற்ற இடங்களில் அவர்களும் எல்லாரையும் போல் மரங்களை வெட்டிப் புல்வெளி ஆக்கியவர்களே. சிறை சென்ற நால்வரில் ஒருவரான வில்ஃபர்டு கின்டன், காடு திருத்தியதோடு மரம் அறுக்கும் விசைவாள்களை விற்றவரும் ஆவார். 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பவல் என்னும் இளம் உயிரியலார் தம் மனைவி ஹேரியட்டுடன் ஆராய்ச்சிக்கு அங்கு வந்தார். வேட்டையும் வெட்டும் முகட்டுக் காட்டை நெருங்குவதைக் கண்டு கின்டனைத் துணைக்கு அழைத்தார். அவர்கள் இருவர் முயற்சியால் 1972இல் முகிற்காட்டுக் காப்பகம் தோன்றியது. வெப்பமண்டல அறிவியல் நிலையம் என்னும் கோஸ்டா ரிக்க நிறுவனம் அதனை ஏற்று நடத்தலாயிற்று. 328 ஹெக்டேரில் தொடங்கிய காப்பகம் இன்று 4,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்துள்ளது. குவேக்கர்களின் நீர்க்காடும் அதனோடு குத்தகை முறையில் சேர்க்கப்பட்டது. விசைவாள் விற்ற கின்டன் அதன் காவலராய், பாதை வெட்டுபவராய்ப் பல்லாண்டு பணியாற்றி 2016இல் மறைந்தார்.

முகிற்காடு என்பது யாது? கரீபியன் கடலிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து இம்முகட்டில் மோதுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து முகிலாகிறது. அம்முகில் வானத்தில் நிற்பதில்லை, மரங்களுக்கிடையே நடக்கிறது. இலையும் பாசியும் அதனை வடிகட்டி நீராக்கிச் சொட்டுகின்றன. மழையில்லாத மாதங்களிலும் காடு நனைந்திருப்பதற்கு இதுவே காரணம். நீலகிரியின் சோலைக்காடுகளில் பனிமூட்டத்தில் நடந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு கிளையிலும் பாசி, பெரணி, தொற்றுச் செடிகள்; ஆர்க்கிட் மட்டும் 400 வகைக்கு மேல். அவற்றுள் சில குண்டூசித் தலையளவே பூப்பவை.

இத்தகைய காட்டில் விலங்கு காண்பது எளிதன்று. ஆப்பிரிக்கப் புல்வெளியில் காண்பதுபோல் மந்தை மந்தையாகக் காணலாம் என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். முகிலும் இலையும் சேர்ந்து இருபது அடிக்கு அப்பால் எதையும் மறைத்துவிடும். ஆதலால், முதலில் உழைக்க வேண்டியது கண்ணன்று, காது. மூன்று தாடிமணிப் பறவை என ஒன்று உண்டு. ஆணின் அலகருகே மூன்று கரிய தசைநாண்கள் புழுப்போல் தொங்கும். பட்டறையில் இரும்பைத் தட்டினாற்போன்ற அதன் குரல் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். குரலைக் கேட்டு, திசையறிந்து, பட்டுப்போன மரக்கிளை ஒன்றில் அதனைத் தேடிக் காண வேண்டும். இரண்டாவது விதி, பறவையைத் தேடாமல் அது உண்ணும் மரத்தைத் தேடுவது. பழுத்த மரத்தடியில் விடியற்காலையில் சென்று அசையாமல் நின்றால், காடே வந்து போகும்.

கெட்சால் என்னும் பறவைக்கு இவ்விதி முற்றும் பொருந்தும். மார்பு செந்நிறம், முதுகு பொன் கலந்த பச்சை, ஆணுக்கு வாலைத் தாண்டி நீளும் தோகை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தீக்காக்கையின் குடும்பமே இதன் குடும்பமும். இவ்வளவு ஒளிரும் பறவை, பச்சை முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால், தலைக்கு மேலே இருந்தாலும் தெரியாது. இதன் முதன்மை உணவு காட்டு வெண்ணெய்ப்பழங்கள். இலவங்கப்பட்டை மரக்குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் சிறு காய்கள் அவை. பழத்தை முழுதாய் விழுங்கிக் கொட்டையைப் பின்னர்க் கக்கும். காடு விதைக்கும் வேலையை அது செய்கிறது. உளுத்த மரத்தில் பொந்து குடைந்து, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆண் உள்ளே இருக்கும்போது தோகை வெளியே இரண்டு பெரணி இலை போல் தொங்கிக்கொண்டிருக்கும். மார்ச்சு முதல் மே வரை இதனைக் காண நல்ல காலம்.

இனி வருவது துயரச் செய்தி. இம்முகட்டில் பத்துச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த இடத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தேரை வாழ்ந்தது. ஆண் ஐந்து சென்டிமீட்டர் நீளம், உடல் முழுவதும் பளபளக்கும் ஆரஞ்சு நிறம். பெண்ணோ கரும்பச்சையில் மஞ்சள் விளிம்பிட்ட செம்புள்ளிகள் கொண்டது. ஜே சாவேஜ் என்னும் அறிஞர் 1966இல் இதனை அறிவியல் உலகிற்கு விளக்கினார். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்திருக்கும் இப்பொன்தேரை, ஏப்பிரல் மே மாதங்களில் சில நாள்கள் மட்டும் வெளிவந்து, மர வேர்களுக்கிடையே தேங்கிய சிறு குட்டைகளில் முட்டையிடும். 1987இல் மார்த்தா கிரம்ப் என்னும் ஆய்வாளர் அக்குட்டைகளைக் காத்திருந்து கண்டார். 1,500க்கு மேற்பட்ட தேரைகள் கூடின. ஆனால் மழை பொய்த்துக் குட்டைகள் வற்றின. அவர் கணக்கிட்ட 43,500 முட்டைகளில் எஞ்சிய தலைப்பிரட்டைகள் 29. மறு ஆண்டு அதே குட்டைகளுக்கு வந்த தேரை ஒன்றே ஒன்று. 1989இலும் ஒன்று. அதன் பின் எவரும் கண்டதில்லை. 2004இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிந்த இனமாக அறிவித்தது. தேரை மட்டுமன்று, அவ்வட்டாரத்தில் இருந்த 50 வகைத் தவளை தேரைகளில் 20 வகைகள் அக்காலத்தில் காணாமற்போயின. அவற்றுள் ஓர் ஓடைத்தவளை 2007இல் மீண்டும் கண்ணில் பட்டது.

வேலியிட்டு, காவலர் வைத்து, வெட்டும் வேட்டையும் இல்லாமல் காத்த காட்டில் இது எப்படி நிகழ்ந்தது? அறிஞர் கருத்துகள் வேறுபடுகின்றன. ஆலன் பவுண்ட்ஸ் முதலியோர் 1999இல், புவி வெப்பமடைவதால் முகில் மேலேறுகிறது, வறண்ட காலத்தில் பனிமூட்டமில்லாத நாள்கள் பெருகின என்றனர். 2001இல் வேறொரு குழுவினர், கீழே கரீபியன் சமவெளியில் காடு அழிக்கப்பட்டதால் காற்றின் ஈரம் குறைந்து முகில் உயர்ந்தது என்றனர். இதற்கிடையே நிலநீர் வாழ் உயிர்களின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை கண்டறியப்பட்டது. உலகின் பல பகுதிகளில் தவளைகளைக் கொன்றது அதுவே. 2010இல் மரங்களின் உட்பொருளை ஆய்ந்த இருவர், 1986-87இல் வந்த எல் நினோ வறட்சி மிகக் கடுமையானது, நெடுங்கால உலர்வுக்குச் சான்றில்லை என்றனர். வறட்சியால் எஞ்சிய சில ஈரமான குட்டைகளில் தேரைகள் நெருங்கிக் கூட, பூஞ்சை எளிதில் பரவியிருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. எப்படியாயினும், வேலியைத் தாண்டி வந்த எதிரி அது என்பதில் ஐயமில்லை.

கெட்சாலும் இதே பாடத்தை வேறு வகையில் உணர்த்தியது. ஜார்ஜ் பவலும் ராபின் பியோர்க்கும் சில கெட்சால்களுக்குச் சிறு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தனர். குஞ்சு பொரித்த பின் அவை காப்பகத்தில் தங்கவில்லை. பசிபிக் சரிவில் கீழிறங்கி, உழவர் நிலங்களில் எஞ்சியிருந்த சிறு தோப்புகளில் பழம் உண்டன. சில மாதங்களுக்குப் பின் முகட்டைக் கடந்து அட்லாண்டிக் சரிவுக்குச் சென்றன. ஆண்டில் பாதி நாளுக்கு மேல் காப்பகம் அவற்றுக்கு வீடன்று. ஆகவே, பால்மாட்டு உழவரின் வேலியோர மரம் காப்பகத்து மரத்தைப் போலவே இன்றியமையாதது என்பது தெரிந்தது. கடுங்காற்றால் புல்லும் மாடும் வாடுவதைத் தடுக்க உழவர்கள் காற்றுத்தடுப்பு மரவரிசைகளை நட்டனர். அவை பறவைகளுக்கும் வழியாயின.

1987இல் சுவீடன் நாட்டுப் பள்ளியொன்றில் ஒன்பது வயதுக் குழந்தைகள், தாங்களே பணம் சேர்த்து இங்குக் காடு வாங்க விரும்பினர். சிறு தொகை, ஆனால் செய்தி நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் குழந்தைகளுக்குப் பரவிற்று. அவ்வாறு வளர்ந்த 'குழந்தைகளின் என்றுமுள காடு' 22,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. கோஸ்டா ரிக்காவில் தனியார் காப்பகங்களுள் அதுவே பெரியது.

காண வருவோர் தொகையும் பெருகிற்று. 1974இல் ஆண்டுக்கு ஐந்நூறு பேருக்கும் குறைவு. 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50,000. சாலையைச் செப்பனிட்டால் கூட்டம் இன்னும் பெருகும் என்று ஊரார் பலர் நெடுங்காலம் சரளைப் பாதையே போதும் என்றனர். கம்பியில் தொங்கிக் காட்டின் மேலே விரைந்து செல்லும் விளையாட்டும் வந்தது. அதில் செல்வோர் கெட்சாலைக் காண்பதில்லை. நிலவிலை உயர்ந்து, பிறந்த ஊரிலேயே இடம் வாங்க இயலாத நிலை உள்ளூர் இளைஞர்க்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. சாந்தா எலேனாவில் உயர்நிலைப் பள்ளியே ஒரு காப்பகத்தை 1992 முதல் நடத்தி, வருவாயைப் படிப்புக்குச் செலவிடுகிறது என்பது ஆறுதல்.

இப்பொழுது அங்கே பறவை காண்போர் குறிப்பேட்டில் எழுதிவரும் மாற்றம் ஒன்றுண்டு. வானவில் நிற அலகுடைய பெரிய டூக்கான் முன்பு கீழ்ச்சரிவுகளில் மட்டும் வாழ்ந்தது. பின்னர் அது மேலேறிவந்து, கெட்சால் கூடு கட்டும் உயரத்திலேயே தானும் பொந்து தேடிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டது. பழம் மட்டுமன்றிப் பிற பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு.