கோடைக் கனியும் மழைக்கால நோன்பும்
(சிராவக நெறிப் பாடம்)

இல்லறத்தார் மேற்கொள்ளத் தக்க விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்பதும் ஒன்றாகும். உண்பனவற்றிற்கும் துய்ப்பனவற்றிற்கும் அளவு வகுத்துக்கொண்டு வாழ்தலே இதன் பொருள். ஸ்ரீ சமந்தபத்திராசாரியார் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம், பயன் சிறிதாகவும் உயிர்க்கேடு பெரிதாகவும் உள்ளவற்றை விலக்குமாறு இவ்விரதத்தின்கண் அறிவுறுத்துகின்றது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் பயிலப்படுவது. இவ்வளவுகோலைக் கொண்டு, கோடையில் கிடைக்கும் கனிகளை மழைக்காலத்திற்குச் சேமித்து வைக்கும் வழக்கத்தை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள ஏரியூர்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாவும் புளியும் விளையும் புன்செய் நாடு அது. மாசி, பங்குனியில் புளி உதிரும். சித்திரை முதல் ஆனி வரை செந்தூரா, கிளிமூக்கு, நீலம் முதலிய மா வகைகள் வரும். இத்தகடூர் நாடு நம் சமயத்திற்குப் புதியதன்று. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893இல், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் தகடூரில் ஜினாலயம் எழுப்பிய செய்தியைத் தருமபுரிக் கல்வெட்டு கூறுகின்றது. அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்தமையும் கல்வெட்டால் அறியப்படும்.

சாதுர்மாசியம், ஆஷாட சுக்கில சதுர்த்தசியில் தொடங்கி, வீர நிர்வாண நாளாகிய தீபாவளியை ஒட்டி நிறைவுறும். மழையால் சிற்றுயிர்கள் பெருகும் காலமாதலின் முனிவர் ஓரிடத்தில் தங்குவர். இல்லறத்தாரும் கீரை முதலிய பசிய பொருள்களைக் குறைத்துக்கொள்வர். அந்நாள்களில் உலர்ந்த பண்டம் கைகொடுக்கும். ஆகவே கோடைச் சேமிப்பு நாவின்பத்திற்காக மட்டும் ஏற்பட்டதன்று; நோன்புக்குத் துணையாக ஏற்பட்டதாகும்.

உயிர் நீங்கிய தூய பொருளைப் பிராசுகம் என்பர். உலர்த்தல், சமைத்தல், சூடாக்கல், புளிப்பும் உப்பும் கலத்தல், கருவியால் அரிதல் ஆகியவற்றால் ஒரு பொருள் பிராசுகமாகும் என்பது ஆசாரியர் கொள்கை. உணவைக் கெடாது காக்கும் முறைகளாக இக்கால அறிவியல் கூறுவனவும் பெரும்பாலும் இவையே என்பது நோக்கத்தக்கது. நீர் குறைந்தால் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர இயலா. உப்பும் புளிப்பும் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும்.

அங்ஙனமாயின் உப்பும் புளிப்பும் கலந்த ஊறுகாயை ஏன் விலக்கினர் என்ற வினா எழும். ஈரத்தோடு நாள்பட வைத்த பொருளில் மீண்டும் உயிர்கள் தோன்றும் என்பதே விடை. ஆதலின் ஊறுகாய்க்கு ஒரு நாளே எல்லையாகக் கொள்ளப்பட்டது. சுவை, மணம், நிறம் திரிந்த பொருளைச் சலித ரசம் எனக் கூறி அறவே நீக்கினர். எனவே சேமிக்கத்தக்கது வற்றலேயன்றி ஊறுகாயன்று. அன்றன்று சிறிது வற்றலை வடிகட்டிய வெந்நீரில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் தாளித்த எண்ணெயும் சேர்த்தால் அன்றைய ஊறுகாய் கிடைத்துவிடும். விரதமும் காக்கப்படும், உணவும் சுவைக்கும்.

செய்முறை வருமாறு: முற்றிய மாங்காய்களை வடிகட்டிய நீரில் கழுவித் துடைக்கவும். ஒவ்வொன்றையும் பிளந்து, கொட்டையையும் பார்த்தல் வேண்டும். மாங்கொட்டை வண்டு வெளியே தெரியாமல் உள்ளே வாழ்வது. அது காணப்பட்ட காயைத் தீயிலோ நீரிலோ இடாமல் மரநிழலில் விடுக. நல்ல காயை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, ஆறு கிலோ கீற்றுக்கு 300 கிராம் உப்புப் பிசறி, அன்றே வெயிலில் பரப்புக. ஈ மொய்க்காதபடி மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுக. கதிரவன் மறையுமுன் உள்ளே எடுத்துக் காற்றோட்டமாக வைக்கவும். மூன்று முதல் ஐந்து நாள் நல்ல வெயில் வேண்டும். வளைத்தால் ஒடியும் பதமே சரியான பதம். ஆறியபின் ஈரமற்ற கண்ணாடிச் சாடியில் இட்டு இறுக மூடுக. புளியையும் கோது, நார், கொட்டை நீக்கி, பூச்சி பார்த்து, இவ்வாறே காயவைத்துச் சேமிக்கலாம்.

பழுத்த மாங்கனியின் சாற்றைத் தட்டில் அடுக்கடுக்காக ஊற்றி உலர்த்துவோரும் உளர். இனிப்பு மிகுதியால் ஈயும் எறும்பும் மொய்க்கும். ஓர் அடுக்குக் காயுமுன் அடுத்ததை ஊற்றினால் புளித்துப்போம். பயன் சிறிது, கேடு பெரிது என்னும் அளவுகோல் இங்குப் பொருந்துமாறு காண்க. காயே சேமிப்புக்கு ஏற்றது. கனி அவ்வப்போது உண்ணத்தக்கது.

அளவும் அறிதல் வேண்டும். பத்துக் கிலோ மாங்காயில் தோலும் கொட்டையும் போக ஆறு கிலோ கிடைத்தால், உலர்ந்தபின் உப்புடன் ஏறத்தாழ ஒரு கிலோ எஞ்சும். நால்வர் கொண்ட குடும்பம் வாரம் இருமுறை, முறைக்கு 20 கிராம் வீதம் 16 வாரங்கள் பயன்படுத்தினால் 640 கிராமே செலவாகும். மலிவு கருதி ஐம்பது கிலோ வாங்கினால், மிகுந்த வற்றல் மழை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். ஓர் உயிரைக் காக்கச் செய்த செயல் எண்ணற்ற உயிர்களின் தோற்றத்திற்கும் மடிவிற்கும் காரணமாகிவிடும். மிகைப்பொருள் விரும்பாமை கொல்லாமைக்குத் துணையாவது இவ்வாறே. வாரம் ஒருமுறை சாடியை ஆராய்ந்து, வெயில் வந்தபோது மீண்டும் காயவைக்கவும். பூஞ்சை கண்டதை உண்ணற்க.

கடைப்பொருள் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி இடப்படுகின்றது. ஆயினும் நம் நாட்டுச் சட்டம் தேனைப் புலால் வகையில் சேர்க்கவில்லை. ஆகவே தேன் நெல்லியின் மீதும் பச்சைப் புள்ளியே இருக்கும். மது, மாமிசம், தேன் மூன்றையும் விலக்கும் மூலகுணம் பூண்ட நமக்கு அப்புள்ளி மட்டும் போதாது. சேர்பொருள் பட்டியலையும் படித்தல் வேண்டும். கள், சாராயம் முதலியவற்றின் வழியே உண்டாகும் வினிகர் சேர்ந்த ஊறுகாயும் இத்தகையதே.

இளையோர் சிந்திக்க:
1. வற்றல் ஏற்கப்பட்டு, ஊறுகாய் விலக்கப்பட்டது ஏன்?
2. தேவைக்கு மேற்பட்ட சேமிப்பு எந்தெந்த விரதங்களுக்குக் குறை உண்டாக்கும்?
3. நம் இல்லத்துச் சமையலறையில் இன்று நாள் கடந்து நிற்கும் பொருள்கள் எவை?

மூன்றாம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுதுவதினும், அன்னையுடன் அமர்ந்து சாடிகளைத் திறந்து பார்த்துக் காண்பதே சிறப்பு.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!